அழைப்பிதழுக்கு முந்திய வேலைகள்: வன்னியின் பல்கலைக்கழக வளாகங்களில் விழா எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியாகப் பம்பைமடுவுக்குச் சென்று வவுனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்பவராயினும், ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கு முன்பாக அறிவியல்நகரில் இறங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்களுள் ஒன்றிற் சேர்பவராயினும், முதலாம் ஆண்டு முடிவதற்குள் ஏதாவதொரு விழாக்குழுவில் உங்கள் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இளம் விரிவுரையாளராக வருபவருக்கோ, கேட்காமலே ஒரு மாணவர் மன்றத்தின் பெரும்பொருளாளர் பொறுப்பு வந்து சேரும். இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டு எழுதப்படும் குறிப்புகள் இவை.

இந்த வளாகங்கள் வயதிற் குறைந்தவை என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். வவுனியாவில் 1991-இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1997-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே, இங்கு விழாக்களுக்கென நெடுங்கால மரபு எதுவும் இறுகிப்போகவில்லை. ஓர் அணி மாணவர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து செய்தது மூன்றாம் ஆண்டில் "வழமை" என்று பெயர் பெற்றுவிடும். நல்ல வழமையைத் தொடங்கி வைப்பதற்கு இது வாய்ப்பு. பிழையான வழமையும் அதே வேகத்தில் வேரூன்றும்.

யாருடைய விழா என்று கேளுங்கள்

குழு கூடிய முதல் நாளிலேயே தீர்க்க வேண்டிய வினா, இந்த விழாவுக்கு வீட்டுக்காரர் யார், விருந்தினர் யார் என்பதாகும். வாணி விழாவுக்கு இந்து மாணவர் மன்றமும், நோன்பு துறக்கும் நிகழ்வுக்கு முஸ்லிம் மஜ்லிஸும், வெசாக் நிகழ்வுக்குப் பௌத்த மாணவரும், ஒளிவிழாவுக்குக் கிறிஸ்தவ மாணவரும் வீட்டுக்காரர். ஏனையோர் உதவிக்கு நிற்கும் அயலவர். அயலவர் பந்தற்கால் நடலாம், கதிரை அடுக்கலாம், பரிமாறலாம்; சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரே சொல்ல வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நல்ல எண்ணத்துடன் வரும் சிலர், எல்லாச் சமயங்களையும் ஒரே மேடையில் ஒரே மாலையிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் நல்லிணக்கம் கிடைத்துவிடும் என நம்புகிறார்கள். அத்தகைய மாலைகளிற் பலவற்றில் அமர்ந்திருந்த அனுபவத்திற் சொல்வதானால், அங்கே எவருடைய விழாவும் நடப்பதில்லை. நான்கு மாதிரிகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். ஒரு பொங்கல் முழுமையான பொங்கலாக நடந்து, அதற்கு அநுராதபுரத்திலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வந்த மாணவர்கள் விருந்தினராக வந்து, அடுத்த வெசாக்கிலும் நோன்பு துறக்கும் நிகழ்விலும் அவர்கள் வீட்டுக்காரராகி நம்மை அழைப்பதே உறவை வளர்க்கும் முறை என்பது என் கருத்து.

வீட்டுக்காரர் யார் என்பது எப்போதும் வெளிப்படையாக இருப்பதில்லை. தைப்பொங்கலை இந்து மாணவர் மன்றத்திடம் மட்டும் ஒப்படைத்தால், மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்க மாணவர் மெல்ல ஒதுங்கிவிடுவார். அவருடைய ஊர்த் தேவாலயத்தில் தைப்பொங்கல் நாளில் திருப்பலியும் பொங்கலும் நடப்பதை மற்றவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டு தமிழர், சிங்களவர் ஆகிய இரு சாராருக்கும் பொதுவாயினும், மருத்துநீர் வைத்து நீராடும் வீடு வேறு, பாற்சோறு வைத்து அடுப்பு மூட்டும் நேரம் பார்க்கும் வீடு வேறு. ஆகவே, கேட்டறிந்த பின்னரே பெயர்ப்பட்டியல் எழுதுங்கள்.

நாட்காட்டியை விரித்து வையுங்கள்

அடுத்த வேலை நாள் பார்த்தல். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். அன்று விடுதி மாணவர் வீட்டில் இருப்பர் என்பதால் வளாகப் பொங்கலை வேறொரு நாளுக்கு மாற்றுவதே பொருத்தம். தை மாதத்து முற்பகுதியில் வன்னியில் மழை முற்றாக விட்டிராது. மேலே கட்டுவதற்குத் தறப்பாளும், நனையாத விறகும் முன்கூட்டியே தேவை. "புது அரிசியிற் பொங்குவோம்" என்று அறிவித்துவிட்டுப் பின்னர் தடுமாற வேண்டாம். காலபோக நெல் வன்னியின் பல வயல்களில் அந்நேரம் இன்னும் நின்றுகொண்டிருக்கும். தைப்பூசத்தில் புதிரெடுக்கும் (புது நெல்லின் முதற்கதிர் கொய்யும்) வழக்கம் நம்மவரிடம் இருப்பதால், அதையொட்டி வைத்தால் அரிசியும் கிடைக்கலாம், மழையும் ஓய்ந்திருக்கலாம்.

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடப்பட்டிருக்கும். நோன்பு மாதம் பிறை பார்த்தே தீர்மானிக்கப்படுவதாலும், ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னதாகவே வருவதாலும், சென்ற ஆண்டின் திகதியைப் பார்த்து மண்டபம் பதிவு செய்யாதீர்கள்; நோன்பு துறக்கும் பொது நிகழ்வை மாதத்தின் நடுப்பகுதியில் வைப்பது பாதுகாப்பு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம். அவ்வேளையில் ஒத்திகை, கூட்டம், பரிசளிப்பு எதையும் வைக்க வேண்டாம். கந்தசட்டி ஆறு நாளும் விரதமிருப்போருக்கும், தவக்காலத்தில் நோன்பிருக்கும் கத்தோலிக்கருக்கும் இதே கவனம் வேண்டும். நத்தாருக்கு முன்பே வளாகம் விடுமுறைக்கு மூடப்படக்கூடும் என்பதால், ஒளிவிழாவை டிசம்பர் முற்பகுதியிலேயே நடத்திவிடுவது நல்லது.

வாணி விழாவுக்கு நாள் பார்ப்பது எளிது, நவராத்திரியின் இறுதி மூன்று நாட்களும் சரசுவதிக்குரியவை. ஆயுத பூசையன்று ஆய்வுகூடக் கருவிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் ஆர்வம் பொறியியல், தொழினுட்ப மாணவரிடம் மிகுதி. நுணுக்குக்காட்டியின் வில்லைக்கும், உணரிகளுக்கும் அதைப் பூசிவிடாமல், கருவியின் பெட்டிக்கோ மேசைக்கோ வைக்குமாறு ஆய்வுகூடப் பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டால் கலைமகளும் கோபிக்கமாட்டாள்.

அனுமதியும் பணமும்

மன்றத் தலைவரும் பெரும்பொருளாளரும் கையொப்பமிட்ட கடிதம் பீடாதிபதிக்கும், மாணவர் ஆலோசகருக்கும், இரவு நேரமாயின் விடுதிப் பொறுப்பாளருக்கும், பாதுகாப்புப் பிரிவுக்கும் செல்ல வேண்டும். எத்தனை பேர், எந்நேரம்வரை, ஒலிபெருக்கி எவ்விடத்தில், மின்சாரம் எங்கிருந்து, வெளியார் வருவார்களா என்ற ஐந்தையும் அதே கடிதத்தில் எழுதிவிட்டால் இரண்டாம் கடிதம் தேவைப்படாது. வெசாக் தன்சல் போல வெளியாருக்கும் உணவு வழங்குவதாயின் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும்.

பணச்சேகரிப்பில் ஒரு எல்லைக்கோடு உண்டு. முதலாம் ஆண்டு மாணவரிடம் "இவ்வளவு தர வேண்டும்" என்று தலைக்கொரு தொகை விதிப்பதும், வராதவரைப் பெயர் சொல்லிக் கேலி செய்வதும், நள்ளிரவுவரை சோடனை வேலைக்கு நிறுத்தி வைப்பதும், விழா என்ற போர்வையில் நடக்கும் பகிடிவதைதான். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் பக்தியின் பெயரால் எவருக்கும் விலக்களிக்கவில்லை. உண்டியல் ஒன்றை மூடியபடி வையுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது தெரியாதிருக்கட்டும்.

குசினியில்தான் பாதி வெற்றி

விழாவில் ஒருவர் தன்னை வேண்டப்பட்டவராக உணர்கிறாரா என்பது பெரும்பாலும் சாப்பாட்டு வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான உணவாக மரக்கறிச் சாப்பாட்டைத் தெரிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும் என்று கூறுவர். அது உண்மையே, ஆனால் மீதிப் பாதி நுண்ணியது. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்க்கும் பழக்கம் தென்பகுதிச் சமையலில் இயல்பானது. விரதகாரருக்கு அது தெரியாமற் பரிமாறப்பட்டால், அவர் கோபிக்காவிட்டாலும் அடுத்த முறை வரமாட்டார். கேக்கில் முட்டையும், ஜெலியில் ஜெலற்றினும் இருப்பதைச் சிறு அட்டையில் எழுதி முன்னால் வையுங்கள். இறைச்சி சமைப்பதாயின் ஹலால் கோழி எங்கு வாங்கப்பட்டது என்பதை மஜ்லிஸ் மாணவர் ஒருவரே உறுதிப்படுத்தட்டும். மாட்டிறைச்சியை வளாகப் பொதுவிருந்திற் சேர்க்காதிருப்பதே இங்கு நடைமுறைக்கு ஏற்றது. சைவப் பாத்திரங்களுக்குத் தனி அகப்பை, தனி மேசை வேண்டும்; ஒரே கரண்டி இரு கிடாரங்களுக்கும் போய்வந்தால் அட்டையில் எழுதியதெல்லாம் வீண்.

இனிப் படையல் விடயம். முஸ்லிம் மாணவர் பலரும், கிறிஸ்தவருள் ஒரு பகுதியினரும், தெய்வத்துக்குப் படைத்த உணவை உண்பதில்லை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள். பொங்கும்போது இரண்டு பானை வைத்து, ஒன்றை மட்டும் படைத்து, மற்றதைப் படைக்காமலே மூடி வைத்தால், "இது படைக்காதது" என்று உண்மையாகச் சொல்லிக் கொடுக்க முடியும். உண்மையாக என்பது முக்கியம். "சும்மா சாப்பிடுங்கோ, ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பின்னர் சிரிப்பது நட்பை முறிக்கும்.

அளவு தெரியாமல் திண்டாடுவோருக்காக: பச்சை அரிசி 1 கிலோவுக்கு வறுத்துடைத்த பயறு கால் கிலோ, சர்க்கரை 1 கிலோவுக்குச் சற்றுக் குறைய, இரண்டு தேங்காயின் பால், கையளவு கஜுவும் முந்திரிகை வற்றலும் என்ற கணக்கிற் செய்தால், கைப்பிடியளவாகப் பகிரும்போது ஏறத்தாழ 20 பேருக்குக் காணும். 200 பேருக்கு 10 கிலோ என்று கணக்கிட்டு ஒரே பானையில் ஏற்றாதீர்கள், அடி பிடிக்கும். சடங்குக்கு ஒரு மண்பானையை முற்றத்துக் கோலத்தின் நடுவே மூன்று கல் வைத்து ஏற்றிவிட்டு, மிகுதியைக் குசினியிற் கிடாரத்திற் சமைப்பதே வழி. பரிமாறுவதற்குத் தாமரையிலை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை; வன்னிக் குளங்கள் அதை இன்னும் தருகின்றன, ஊர்க்கோயில் அன்னதானங்களிற் கண்டிருப்பீர்கள்.

நோன்பு துறக்கும் நிகழ்வில் நேரமே எல்லாம். மாசி, பங்குனி மாதங்களில் வன்னியில் நோன்பு துறக்கும் மஃரிப் வேளை மாலை 6.15-க்கும் 6.30-க்கும் இடைப்பட்டு வரும். நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்வில், சிறப்பு விருந்தினர் நல்லிணக்கத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டேயிருக்க, பாங்கு ஒலித்து, விடியலிலிருந்து தண்ணீர் அருந்தாத இருநூறு பேர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி அவர் முடிக்கும்வரை காத்திருந்தனர். பேச்சுகளை 15 நிமிடங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பழமும், நோன்புக் கஞ்சியும், தண்ணீரும் பாங்குக்கு முன்பே ஒவ்வொருவர் முன்பும் இருக்க வேண்டும். உடனே தொழுகைக்கு எழுவார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி உளூச் செய்யத் தண்ணீர்க் குழாயும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பாய் விரித்த இடமும் தேவை. பிரதான சாப்பாடு அதற்குப் பின்னரே.

பௌத்த பிக்கு ஒருவரை அழைப்பதாயின் தானத்தை நண்பகலுக்கு முன் வழங்க வேண்டும். அவருக்குரிய இருக்கையை வெள்ளைத் துணியால் மூடி, மற்றவற்றிலும் சற்று உயர்வாக வையுங்கள். பெண்கள் எதையும் நேரே கையிற் கொடுக்காமல் மேசையில் வைப்பது வழக்கம். போயா நாளிற் "சில்" எனப்படும் சீல விரதம் அனுட்டிக்கும் மாணவரும் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. அவரை மாலைத் தேநீருக்கு வற்புறுத்தாதீர்கள்.

மேடையும் மொழியும்

நிறைகுடம் வைத்து, மங்கல விளக்கேற்றித் தொடங்குவது நம் வழக்கம். விளக்கேற்ற வருமாறு ஒலிபெருக்கியில் திடீரென அழைக்கப்பட்ட ஒரு முஸ்லிம் விரிவுரையாளர், சபையின் முன் மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் மனமில்லாமல் எழுந்து நின்ற காட்சி என் நினைவில் இருக்கிறது. பெயர்ப்பட்டியலிலுள்ள ஒவ்வொருவரிடமும் முதல் நாளே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்கு வரவேற்புரையோ பரிசளிப்போ ஒதுக்குங்கள். திருநீறு, சந்தனம், குங்குமத் தட்டை வாசலில் வைத்துவிடுங்கள். விரும்பியவர் எடுத்துக்கொள்வார், நெற்றியில் எவரும் பூசிவிட வேண்டியதில்லை.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தாலும் விழா ஆங்கிலத்தில் நடந்தால் உயிரற்றுப் போகும். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று மொழியிலும் சொல்லும் அறிவிப்பாளர் சபையை உறங்க வைப்பார். வீட்டுக்காரரின் மொழியில் நிகழ்ச்சியை நடத்தி, இப்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை மற்ற மொழிகளில் ஒரு தாளில் அச்சிட்டுக் கையிற் கொடுப்பதே நான் கண்டவற்றுள் பயனுள்ள வழி. பதாகையின் சிங்கள வரியைச் சிங்கள மாணவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். தெற்கே பெயர்ப்பலகைகளிற் சிதைந்து கிடக்கும் தமிழைப் பார்த்து நாம் படும் எரிச்சலை, இங்கே வரும் பிள்ளைக்கு நாமே கொடுக்கலாகாது.

வெடி கொளுத்துவதை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். பொங்கிய கணத்தில் யாரோ கொளுத்திய சரவெடிக்கு, பக்கத்தில் நின்ற மாணவி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு குந்தியதைக் கண்டபின் எனக்கு இதில் மறுபேச்சில்லை. போர் முடிந்த 2009-இல் இந்த மண்ணிற் குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பல்கலைக்கழக வயதினர். அவர்களுட் சிலருக்கும், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோருக்கும், உடலிற் காயத்தின் எச்சமும் இருக்கும். எனவே மண்டபத்துக்கு ஏறும் படியருகே சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனின் விழாவைக் கீழே முற்றத்துக்கு மாற்றுங்கள்; ஒருவரை நாற்காலியோடு நால்வர் தூக்கிச் செல்வது அவருக்கு மரியாதையாகாது. மாலை நிகழ்வுகளை, நகருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தை விசாரித்து அதற்கு முன் முடியுங்கள்.

மே மாதமும் நவம்பர் மாதமும்

வெளியிலிருந்து வரும் புதியவருக்குக் கட்டாயம் சொல்லப்பட வேண்டிய பகுதி இது. இறுதிப் போரில் முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை மே 18-இல் இம்மக்கள் நினைவுகூர்கின்றனர்; அதற்கு முந்திய நாட்களில், அன்று உயிர்காத்த உணவின் நினைவாக, அரிசியும் நீரும் உப்பும் கொண்ட கஞ்சி வீதியோரங்களிற் பகிரப்படும். வெசாக் பௌர்ணமியும் மே மாதத்திலேயே பெரும்பாலும் வருகிறது. 2019-இல் அது சரியாக மே 18-இலேயே வந்தது. ஒரே வீதியில் வெசாக் கூடு எனப்படும் காகித விளக்கும் கறுப்புக் கொடியும் தொங்குவதை முதன்முதலிற் காணும் தென்பகுதி மாணவருக்கு அதன் பொருளை எவராவது அமைதியாகச் சொல்ல வேண்டும்; அதுபோல, வெசாக் கூடு கட்டும் பிள்ளை துக்கத்தைக் கேலி செய்யவில்லை என்பதை இங்குள்ள பிள்ளையும் அறிய வேண்டும்.

இதைப் பண்பாட்டு விழாப் பட்டியலிற் சேர்க்காதீர்கள், இது துக்கம். அவ்வாரத்தில் இசை நிகழ்ச்சி, விளையாட்டு வெற்றி விருந்து, பிறந்தநாள் ஆரவாரம் ஆகியவற்றை வைக்க வேண்டாம். கஞ்சி நீட்டப்பட்டால் எவரும் வாங்கிக் குடிக்கலாம்; படம் பிடிக்க வேண்டாம். நினைவுகூரல்களுக்கு எதிராக நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்ட ஆண்டுகளும் உண்டு என்பதால், பொறுப்பிலிருப்போர் அவ்வாண்டின் நிலைமையை முன்கூட்டியே அறிந்து, முதலாம் ஆண்டு மாணவரை முன்வரிசையில் நிறுத்தாமலிருக்க வேண்டும்.

நவம்பரிலும் இத்தகைய கவனம் தேவை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் தீபம் வைப்பது நெடுங்காலச் சைவ வழக்கம். சில ஆண்டுகளில் அது மாவீரர் நாளான நவம்பர் 27-ஐ ஒட்டியே வந்துவிடுவதால், விடுதி வாசலில் விளக்கைக் காணும் பாதுகாப்பு ஊழியர் பதற்றமடையக்கூடும். விளக்கீட்டின் நாளையும் நேரத்தையும் விடுதிப் பொறுப்பாளருக்கு எழுத்தில் முன்னறிவிப்பது ஐந்து நிமிட வேலை.

வளாகத்துக்கு வெளியே

இரண்டு பயணங்களையேனும் முதல் ஆண்டிலேயே செய்யுங்கள். ஆகஸ்ட் 15 மடு அன்னையின் பெருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவருமான கத்தோலிக்கர் ஒரே காட்டில் கூடாரமடித்துத் தங்குவர். சைவர்களும் நேர்த்தி வைத்துச் செல்வர். வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நடக்கும். முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரும் உப்புநீரில் விளக்கெரியும் என்பது அதன் தனிச்சிறப்பு. கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடம் என்பதாற் "பத்தாப்பளை" என்று வழங்கி வற்றாப்பளையாயிற்று என்று ஊரார் கூறுவர். சிங்கள மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. அவர்கள் ஊரில் பத்தினித் தெய்வம் என்று வழிபடும் அதே அன்னைதான் இவள் என்ற ஒரு வாக்கியம் போதும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தை வளாக மேடைக்குக் கொண்டுவர எண்ணுவோர், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் நேரிற் சென்று, வெற்றிலை வைத்து, எத்தனை மணி நேரம் தரமுடியும் என்பதை ஒளிக்காமற் பேசுங்கள். விடியவிடிய ஆடும் கூத்தை 20 நிமிடத்துக்குச் சுருக்குமாறு மேடைக்குப் பின்னால் வைத்துக் கேட்பது அநியாயம்.

முடிந்த பின்

மறுநாள் காலை முற்றம் கூட்டப்பட்டிருக்க வேண்டும். அதை விடுதித் துப்புரவுப் பணியாளரின் தலையிற் கட்டாமல் குழுவே செய்ய வேண்டும். அவர்களுக்கும் காவலருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கைப் பெரும்பொருளாளர் கையொப்பத்துடன் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள்.

பின்னர் ஒரு கொப்பி வாங்கி, அடுத்த அணிக்காக எழுதி வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி மிஞ்சியது, கிடாரம் எந்தக் கோயிலில் இரவலாகப் பெறப்பட்டது, அது திருப்பிக் கொடுக்கப்பட்டதா, மின்சார அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது, எந்தச் சமையற்காரர் மாசியைச் சொல்லாமற் போட்டார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவரிடம் எவராவது கேட்டார்களா.